தாம்பூலப் பையில் வந்த கன்று

சென்ற ஆண்டுக்கு முந்தைய தை மாதம் திருச்சியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுக் கை கழுவி வெளியே வந்தால் ஆளுக்கொரு தாம்பூலப் பை. உள்ளே ஒரு தேங்காய், ஒரு பாக்குப் பொட்டலம், ஒரு பிளாஸ்டிக் கப்பில் சின்னதாக ஒரு செடி. வெற்றிலை இல்லை. செடியின் பெயர் எழுதிய சீட்டும் இல்லை. மரக்கன்று கொடுக்கிற பழக்கம் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. ஆனால் இது மரக்கன்றாகத் தெரியவில்லை. பச்சையாக, இதய வடிவில், நுனி கூராக, உள்ளங்கையை விடச் சிறிதாக நாலைந்து இலை.

அம்மாவின் தம்பி, என் மாமா, சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போடுகிறவர். பையைத் துழாவினார். பாக்கு இருக்கிறது, வெற்றிலையைக் காணோம், இதய வடிவ இலையோடு ஒரு செடி மட்டும் இருக்கிறது. அவர் போட்ட கணக்கில் குற்றம் சொல்ல முடியாது. "பரவால்லையே, வெத்தலைக்கு பதிலா கொடியையே குடுத்துட்டாங்க" என்று ஓர் இலையைக் கிள்ளித் துடைத்து, பாக்கை மடித்து வாயில் வைத்தார். இரண்டு கடிதான். அப்படியே மண்டப வாசலில் துப்பினார். நாக்கில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, உதடு எரிகிறது என்றார். வாயைக் கொப்பளித்து, பந்தியிலிருந்து தயிர் வாங்கி வாயில் வைத்துக்கொண்டு, ஐஸ்கட்டியைச் சப்பியபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தொண்டை வீங்கவில்லை, மூச்சுக்குச் சிரமம் இல்லை. சாயந்திரம் காபி குடிக்கிற அளவுக்குச் சரியாகிவிட்டது. தொண்டை வீங்கியிருந்தால் தயிரோடு உட்கார்ந்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

"இந்தச் சனியனை நீயே வச்சுக்கோ" என்று தன் கப்பையும் என்னிடம் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினார். இப்படித்தான் ஒரே செடி இரண்டு கப்பாக என் வீட்டுக்கு வந்தது. அப்போது அது எனக்குச் சுமையாகத் தெரிந்தது. பிறகு வழக்கே அந்த இரண்டாவது கப்பால்தான் தீர்ந்தது.

நான் தாவரவியல் படித்துவிட்டு வங்கியில் கணக்குப் பார்க்கிறவன். படித்ததில் மிச்சமிருப்பது ஒரு பத்து மடங்கு பூதக்கண்ணாடியும், பெயர் தெரியாத செடி வீட்டில் இருந்தால் தூக்கம் வராத வியாதியும்தான்.

முதல் நாள் குறிப்பு

உயரம் 11 செ.மீ. பெரிய இலை 6 செ.மீ. நீளம். மேல்பக்கம் நல்ல பச்சை, நடுநரம்பை ஒட்டி லேசான வெளுப்பு. அடிப்பக்கம் மங்கல். பூ இல்லை, காய் இல்லை, கிழங்கு இல்லை. கப்பிலிருந்து உருவி வேரைப் பார்த்தேன். சுத்தமான கோகோபீட், அதில் ஒரே கொத்தாக ஐந்து தளிர்கள் நெருக்கியடித்து நின்றன. கத்தரி பட்ட பழைய தண்டு எங்கும் இல்லை.

இதைக் கவனித்தது நல்லதாகப் போயிற்று. தண்டை வெட்டி நட்டு வளர்த்த செடி என்றால் அடியில் வெட்டுவாய் ஒன்று காய்ந்துபோய்க் கிடக்கும், அதன் கணுவிலிருந்து ஒன்றோ இரண்டோ தளிர்தான் வந்திருக்கும். இப்படிப் புல் மாதிரி கொத்தாக வந்தால், அது திசு வளர்ப்புக் கூடத்தில் கண்ணாடிக் குப்பிக்குள் பெருக்கி, நர்சரியில் பழக்கி விற்ற கன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் இது காட்டில் பிடுங்கிய அபூர்வம் எதுவுமில்லை, ஆயிரக்கணக்கில் விற்கிற சாதாரண வீட்டுச் செடி. சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைந்தது.

போனில் உள்ள செயலியிடமும் கேட்டேன். மேலிருந்து எடுத்த படத்துக்குப் பிலோடென்ட்ரான் என்றது. பக்கவாட்டில் எடுத்ததற்கு மணி பிளாண்ட். வெயிலில் வைத்து எடுத்ததற்குக் காலேடியம். மூன்றும் ஒரே செடி, ஒரே காலை. அதைத் திட்டிப் பயனில்லை. இதய வடிவ இலையை மட்டும் காட்டிப் பெயர் கேட்டால் நானும் இதே மூன்றைத்தான் சொல்லியிருப்பேன். இளங்கன்றின் இலை வடிவம் அவ்வளவு நம்பிக்கையில்லாத சாட்சி.

அத்தை வந்தார்

அப்பாவின் அக்காவை தொட்டியத்துக்குப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பம். அகத்தி நட்டு, அதில் கொடியேற்றி, வாழைநாரால் கட்டிக் கட்டியே வாழ்நாள் போனவர். மாமா பட்ட பாட்டைச் சொன்னதும் முதலில் சிரித்தார். பிறகு செடியைப் பார்த்தார். பத்து நொடி ஆகியிருக்காது.

"இதையாடா வெத்தலைன்னு போட்டாரு? கசக்கிப் பாரு."

கசக்கினேன். பச்சை வாசனைதான், புல் வெட்டின மாதிரி. வெற்றிலையின் காரமான மணம் துளியும் இல்லை.

"நரம்பைப் பாரு. வெத்தலைக்கு அடியிலேருந்து அஞ்சு, ஏழுன்னு கிளம்பி வளைஞ்சு நுனிக்குப் போகும். இதுக்கு நடுவுல ஒண்ணு, அதுலேருந்து கிளை பிரியுது. முட்டி எங்க? வெத்தலைக்கொடி கணு முட்டி முட்டியா இருக்குமே."

பிறகு சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "நாக்கு ஊசி குத்துச்சுன்னா அது காறல்டா. சேனை காறும், கருணை காறும், சேம்பு காறும். இது அந்த வகையறா."

காறல் என்ற ஒரு சொல்லில் அத்தை குடும்பத்தையே சொல்லிவிட்டார். சேனை, கருணை, சேப்பங்கிழங்கு, மணி பிளாண்ட், பிலோடென்ட்ரான், காலேடியம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம், அதாவது சேம்புக் குடும்பம். இவற்றின் திசுவுக்குள் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் கட்டுக்கட்டாக இருக்கும். மென்றால் செல் உடைந்து ஊசிகள் வெளியே வந்து நாக்கிலும் உதட்டிலும் குத்தும். கருணைக்கிழங்கை நம் வீடுகளில் புளி விட்டு வேகவைப்பது இந்தக் காறலை அடக்கத்தான். மாமா தெரியாமல் செய்தது ஒருவகையில் ரசாயனப் பரிசோதனை. யாரும் திரும்பச் செய்ய வேண்டாம். இதே குடும்பத்தில் டிஃபன்பேக்கியா என்று ஒரு தொட்டிச் செடி இருக்கிறது. மென்றால் நாக்கு வீங்கிப் பேச்சு வராமல் போகும், ஆங்கிலத்தில் அதற்கு ஊமைத்தண்டு என்றே பெயர். குழந்தை தவழ்கிற வீட்டில் பெயர் தெரியாத இலைச்செடியைக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஆக, குடும்பம் தெரிந்தது. பேரினம் தெரியவில்லை. செயலி சொன்ன மூன்றும் இந்தக் குடும்பமே என்பதால் காறலை வைத்து மேற்கொண்டு நகர முடியாது.

ஊசிமுனைப் பால்

மறுநாள் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு சேப்டி பின்னை எடுத்துக் காம்பின் நடுவில் மெல்லக் குத்தினேன். பின்னை எடுத்ததும் குத்துவாயில் வெள்ளையாக ஒரு சொட்டு ஊறி நின்றது. தண்ணீர் இல்லை, பால். விரலில் தொட்டால் லேசாகப் பிசுபிசுத்தது. இரண்டாவது கப்பிலும் குத்திப் பார்த்தேன், அதிலும் பால். வீட்டில் ஏற்கெனவே குளியலறை ஜன்னலில் தொங்கும் மணி பிளாண்ட்டை அதே மாதிரி குத்தினேன். தண்ணீர் மாதிரித் தெளிந்த சாறுதான் கசிந்தது.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பால் வந்தா ஆலங்கன்னு, இல்லாட்டி அரசங்கன்னு" என்றார். நியாயமான சந்தேகம். மாடிச் சுவரெல்லாம் காக்கை போட்ட அரசங்கன்றுதானே. ஆனால் ஆல், அரசு, அத்தி எதுவானாலும் குருத்தை மூடி ஒரு கூரான தொப்பி இருக்கும், அது விழுந்த இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம் மாதிரி தழும்பு இருக்கும். இதில் அது இல்லை. இங்கே காம்பின் அடிப்பாதி வாழைமட்டை மாதிரிப் பள்ளமாக விரிந்து தண்டைத் தழுவியிருந்தது. புது இலை அந்த மடலுக்குள்ளிருந்து சுருட்டிய பீடி மாதிரி நீட்டிக்கொண்டு வந்தது.

அந்தக் காம்பை வைத்து மற்றவற்றைக் கழிக்க முடிந்தது. மணி பிளாண்ட்டுக்கு இலை சேருகிற இடத்துக்குச் சற்றுக் கீழே காம்பில் முழங்கால் மாதிரி ஒரு தடித்த மூட்டு உண்டு. மடலின் ஓரம் பழுப்பேறிக் காகிதமாகக் காய்ந்து அந்த மூட்டு வரைக்கும் போகும். இங்கே மூட்டும் இல்லை, மடல் பச்சையாகவே பாதிக் காம்பில் முடிந்துவிட்டது. இதய இலைப் பிலோடென்ட்ரானில் புது இலையைத் தனியாக ஒரு மெல்லிய உறை போர்த்தியிருக்கும். இலை விரிந்ததும் உறை காய்ந்து கழன்று விழும். நம் செடியில் அப்படி ஓர் உறையே கிடையாது, முந்தைய இலையின் காம்புதான் உறை.

மீதி காலேடியமும் சேம்பும். இரண்டிலும் பால் மாதிரி சாறு வரும், அதனால் கொஞ்சம் தடுமாறினேன். சேப்பங்கிழங்கு இலையைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காம்பு இலையின் விளிம்பில் சேராது, அடிப்பக்கத்தில் சற்று உள்ளே தள்ளி, குடைக்குக் கம்பி மாதிரிச் சேரும். காலேடியத்துக்கும் அப்படித்தான். மேலே தண்ணீர் தெளித்தால் சேம்பு இலையில் முத்து முத்தாக உருண்டு ஓடும். என் செடியில் காம்பு இதயத்தின் பிளவிலேயே நேராகச் சேர்ந்திருந்தது, தண்ணீர் உருளாமல் ஒட்டி நின்றது. தவிர, காலேடியமும் சேம்பும் கிழங்கிலிருந்து வருபவை, நீளும் தண்டு அவற்றுக்கில்லை. இதில் அரை செ.மீ. இடைவெளியில் கணுக்கள், ஒவ்வொரு கணுவிலும் வேர் முளைக்கக் காத்திருக்கும் சின்னப் புடைப்பு. ஏறப்போகிற கொடி.

கடைசியாக இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கண்ணாடி வழியே பார்த்தேன். பக்க நரம்புகள் விளிம்புக்குப் போய் மடிந்துபோகாமல், விளிம்பை ஒட்டி ஓடும் ஒரு நரம்பில் போய்ச் சேர்ந்தன, வாய்க்கால்கள் கரையோரக் கால்வாயில் விழுகிற மாதிரி. பால், மடல், கணு, விளிம்பு நரம்பு நான்கும் சேர்ந்தால் எனக்குத் தெரிந்து தொட்டிச் செடிகளில் ஒன்றுதான் மிஞ்சுகிறது: சிங்கோனியம்.

ஆனால் சிங்கோனியத்தின் இலை அம்பு வடிவம் என்று எல்லா நர்சரிக்காரரும் சொல்வார்கள். இது இதயமாக இருக்கிறதே? நோட்டில் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

இரண்டு கப், இரண்டு வளர்ப்பு

மாசி பிறந்ததும் இரண்டையும் ஒரே மண் கலவையில் ஆளுக்கொரு தொட்டிக்கு மாற்றினேன். ஒன்றுக்கு நடுவில் ஐந்தடித் தென்னைநார்க் கம்பு நட்டு, தினம் காலையில் நாரை நனைத்தேன். மற்றதை அதே பால்கனியில் கூடையில் தொங்கவிட்டேன். வெயில் நேரே படாத, ஆனால் வெளிச்சமான இடம். இதைச் சோதனை என்று சொன்னால் பெரிய வார்த்தை. இடமில்லாததால் ஒன்று தொங்கிற்று என்பதே உண்மை.

மூன்றாவது வாரம் இரண்டிலும் புது இலை விரிந்தது. அடிப்பக்கத்து மடிப்புகள் இரண்டும் பின்னோக்கி நீண்டு, கூராகியிருந்தன. சுத்தமான அம்புமுனை. அதே தண்டில் கீழே இதயம், மேலே அம்பு. கேள்விக்குறியை அடித்தேன்.

சித்திரை வெயிலில் கொஞ்சம் நின்றுபோய், ஆடி மழைக்குக் கம்புக்காரன் கிளம்பினான். கணுவேர்கள் நாருக்குள் நுழைந்து பற்றிக்கொண்டன. மூன்றடி ஏறியபோது இலையின் பின்மடிப்புகள் பிளந்து மூன்று பிரிவாயின. கார்த்திகையில் கம்பின் உச்சியில் ஐந்து பிரிவு. பங்குனியில், வந்து 14 மாதத்தில், விரல் விரித்த பறவைக் காலடி மாதிரி ஏழு துண்டாகப் பிரிந்த ஓர் இலை, ஒரு சாணுக்கு மேல் அகலம்.

கூடையில் தொங்கியதோ அம்பிலேயே நின்றுவிட்டது. சொல்லப்போனால் பின்னுக்குப் போயிற்று. பற்ற ஒன்றும் கிடைக்காத தண்டு கயிறு மாதிரி மெலிந்து ஒன்றரை அடி கீழே இறங்கியது. இறங்க இறங்க இலை சின்னதாகி, நுனியில் கட்டைவிரல் நகமளவுதான். பங்குனியில் இரண்டு தொட்டியையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். "ரெண்டும் வேற வேற செடி, நீ ஏதோ மாத்திட்டே" என்றார். இன்றுவரை நம்பவில்லை.

இளமையில் ஓர் இலை, முதிர்ந்தால் வேறோர் இலை என்பது நமக்குப் புதிதில்லை. பலாக்கன்றின் முதல் இலைகள் பிளவுபட்டிருக்கும், மரத்தின் இலையில் பிளவே இருக்காது. நீலகிரித் தைலமரத்தின் கன்றில் காம்பில்லாத வட்ட இலைகள் சாம்பல் பூத்து எதிரெதிராக நிற்கும், வளர்ந்த மரத்தில் அரிவாள் மாதிரி தொங்கும். சிங்கோனியத்தில் வேறுபாடு என்னவென்றால், வயது மட்டும் போதாது, ஏற்றமும் வேண்டும். காட்டில் இது தரையில் ஊர்ந்து மரத்தைத் தேடுகிற கொடி. இதன் உறவான மான்ஸ்டெராவின் நாற்றுகள் வெளிச்சத்தை விட்டு இருட்டை நோக்கி ஊர்வதை ஸ்ட்ராங், ரே என்ற இருவர் கோஸ்டாரிகாவில் பார்த்து 1975-ல் எழுதினார்கள். காட்டில் பக்கத்திலேயே அடர்ந்த இருட்டு என்றால் பெரும்பாலும் அது ஒரு பருத்த அடிமரம். மரம் கிடைத்து ஏறினால் இலை பெரிதாகும். பிடி விட்டுத் தொங்கினால் மீண்டும் சிற்றிலையோடு தேட ஆரம்பிக்கும். என் கூடைத்தொட்டி 14 மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறது.

பெயர்

ஐந்துக்கு மேல் பிரிந்த இலை கிடைத்த பிறகு இனத்தின் பெயரையும் எழுத முடிந்தது: சிங்கோனியம் போடோஃபில்லம். போடோஃபில்லம் என்றால் பாத இலை. வியன்னாவில் ஷோன்புருன் அரண்மனைத் தோட்டங்களைக் கவனித்த ஹைன்ரிக் வில்ஹெல்ம் ஷாட் 1851-ல் வைத்த பெயர். சேம்புக் குடும்பத்தை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். முதிர்ந்த இலையைப் பார்த்துத்தான் பாதம் என்றிருக்கிறார் என்று இப்போது புரிகிறது. கப்பில் வந்த இதயத்தைப் பார்த்திருந்தால் அந்தப் பெயர் தோன்றியிருக்காது. சொந்த ஊர் மெக்சிகோவிலிருந்து பிரேசில், பொலிவியா வரை. நர்சரிகளில் வெள்ளை வண்ணத்துப்பூச்சி, நியான் என்றெல்லாம் ரகப்பெயர் சொல்வார்கள். ஒரு சாண் செடிக்கு அந்த அளவுக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை, இனத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இளம் இலையைப் பார்த்து ஏமாந்ததில் மாமாவுக்குப் பெரிய துணை உண்டு. இந்தச் செடியை மேல்நாட்டு வியாபாரிகள் பல காலம் நெஃப்திடிஸ் என்று விற்றார்கள். அது ஆப்பிரிக்காவில் உள்ள வேறொரு பேரினம், அதன் இலையும் அம்பு. மணி பிளாண்ட் கதை இன்னும் மோசம். 1880-ல் அதற்கு வைத்த பேரினப் பெயர் போத்தோஸ். 1908-ல் சிண்டாப்சஸ். 1962-ல் ஒரு பூவைப் பார்த்துவிட்டு ராஃபிடோஃபோரா. 1964-ல் எபிப்ரெம்னம், இன்றைக்கும் அதுதான். தாஹிட்டிக்குப் பக்கத்து மூரேயா தீவுக்காரச் செடி, உலகமெல்லாம் ஜன்னலில் தொங்குகிறது, அனேகமாகப் பூப்பதே இல்லை. பூப்பதற்கு வேண்டிய ஜிபரெலின் என்ற தாவர ஹார்மோனின் சுரப்புக்கான மரபணு ஒன்று அதில் சரியாக வேலை செய்யவில்லை என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள். பூ சரியாகக் கிடைக்காமல் பெரும்பாலும் இலையை வைத்தே தாவரவியலாளர்களும் 84 வருஷம் வீடு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

கொடி கம்பின் உச்சியைத் தாண்டியதும் இந்தச் சித்திரையில் கத்தரித்தேன். ஒரு கணு, ஒரு இலை என்று பன்னிரண்டு துண்டு. கையுறை போட்டுக்கொண்டேன், பால் பட்டால் சிலருக்கு அரிக்கும். ஒரு துண்டை டம்ளர் தண்ணீரில் போட்டதில் பத்தே நாளில் வேர் விட்டது. அத்தை வந்திருந்தார். ஏழு விரல் இலையைத் தடவிப் பார்த்து அழகாயிருக்கு என்றார். ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

"வேண்டாம்டா. கணுவுக்குக் கணு வேர் விடுது, மரத்தைக் கண்டா ஏறுது. எங்க அகத்தி எல்லாத்துலயும் ஏறி உக்காந்துக்கும்."

ஃப்ளோரிடாவில் காட்டுக்குள் பரவி மற்றச் செடிகளை மூடுகிற அந்நியக் கொடிகளின் பட்டியலில் இது முதல் வகுப்பில் இருக்கிறது. கேரளத்திலும் தோட்டம் தாண்டி வெளியே பரவியிருக்கிறது. அத்தைக்கு இது எதுவும் தெரியாது, டம்ளரில் வேரைப் பார்த்தார், அவ்வளவுதான். மிச்சப் பதினொரு துண்டையும் குப்பையிலோ வாய்க்காலிலோ போடாமல் மொட்டைமாடியில் பழைய சாக்கில் பரப்பியிருக்கிறேன். நான்கு நாள் கத்தரி வெயிலில் இலையெல்லாம் கருகிவிட்டது. தண்டு மட்டும் இன்னும் பச்சையாக இருக்கிறது.